இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் காரின் எஞ்சினைச் சோதிப்பது எப்படி?

மாருதி ஸ்விஃப்ட் டிசையரில், 2020 ஏப்ரலில் பிஎஸ்6 எனும் புகை மாசு விதிகள் நடைமுறைக்கு வரும்வரை இடம்பெற்ற 1,248 சிசி டீசல் எஞ்சின், ஃபியட் நிறுவனத்தின் மல்டிஜெட் ஆகும். இரண்டு லட்சம் கிலோமீட்டரைக் கடந்த இத்தகைய வண்டியை விற்பவர், ‘எஞ்சின் வேலை பார்த்தாகிவிட்டது’, அதாவது எஞ்சினைப் பிரித்துப் பழுதுபார்த்தாயிற்று, என்பதை ஒரு தகுதியாகவே சொல்வார். எந்த வேலை, எதனால் செய்யப்பட்டது என்பது தெரியும்வரை அதைத் தகுதியாகக் கொள்ளக் கூடாது. ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்டு, பிரிக்கப்படாமல் ஓடும் எஞ்சினையே நான் அதைவிட நம்புவேன்.

முதலில் லேத் பட்டறையின் ரசீதையும் உதிரிபாக ரசீதுகளையும் கேளுங்கள். தேய்ந்து நீள்வட்டமாகிவிட்ட சிலிண்டரைப் போர் செய்யாமல் (உட்சுவரைக் கடைந்து மீண்டும் வட்டமாக்காமல்) பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கை மட்டும் மாற்றியிருந்தால், புதிய ரிங் சுவரில் சரியாகப் படியாது, ஆயில் குடிப்பது விரைவில் திரும்பிவிடும். போர் செய்திருந்தால் அதற்கேற்ற ஓவர்சைஸ் (சற்றே பெரிய) பிஸ்டன் வாங்கியதற்கும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கைச் சாணை பிடித்திருந்தால், மெலிந்த தண்டுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் வாங்கியதற்கும் ரசீது இருக்க வேண்டும். அதிகச் சூட்டால் எஞ்சின் பிரிக்கப்பட்டிருந்தால், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் வளைவு சரிசெய்யப்பட்டதா என்பதோடு, சூடேறக் காரணமான ரேடியேட்டரோ வாட்டர் பம்போ மாற்றப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள்; காரணம் அப்படியே இருந்தால் செலவழித்த பணம் முழுதும் வீண்.

வண்டியை இரவு முழுதும் நிறுத்திவைக்கச் சொல்லி, காலையில் எஞ்சின் குளிர்ந்திருப்பதைத் தொட்டுப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதிலாக டைமிங் செயின் உண்டு. ஸ்டார்ட் ஆனபின்னும் ஓயாத கரகரப்பு, செயின் தளர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். சூடேறுவதற்கு முன்பே ரேடியேட்டர் ஹோஸ் கல்போல் இறுகினால், ஹெட்டுக்கு அடியிலுள்ள தகடான ஹெட் கேஸ்கெட் வழியே அழுத்தம் கசிகிறதென்று சந்தேகிக்க வேண்டும். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்தால் லேசாக ஆடுவது இயல்பு. புகை அடித்து மூடியைத் தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கும். நீலப் புகை ஆயில் எரிவதையும், எஞ்சின் சூடான பிறகும் நிற்காத, இனிப்பு வாடையுள்ள வெண்புகை கூலன்ட் எரிவதையும் காட்டும்.

இவற்றில் தேறினால், சொந்தச் செலவில் நான்கு சிலிண்டர்களுக்கும் உள்ளழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். ஒன்று மட்டும் தனியாகத் தாழ்ந்திருந்தால் அதுவே பெரிய எச்சரிக்கை. பிளாக்கில் பொறித்துள்ள எஞ்சின் எண்ணை ஆர்.சி.யுடன் ஒப்பிடுங்கள், வேறு எஞ்சின் பொருத்தி அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதியாமல் விட்டிருந்தால், பெயர் மாற்றம் அங்கேயே தடைபடும்.

ரசீதும் இல்லை, சோதனைக்கும் சம்மதமில்லை என்றால், முழு எஞ்சின் வேலைக்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். அதற்கும் உடன்படாவிட்டால் வேறு வண்டியைத் தேடுங்கள்.