தெர்மாகோல்: குடோனிலும் வேலையிடத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் கனமுள்ள தெர்மாகோல் ஷீட், கன மீட்டருக்கு 15 கிலோ அடர்த்தியில் 375 கிராம்தான் இருக்கும். கொள்ளளவில் 98 சதவீதம் காற்று என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மீதியுள்ள பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கோ நன்றாக எரியக்கூடியது.

முதல் தவறு வெல்டிங்கில்தான். ஷெட் வேலையில் மேலே இரும்பு ஆங்கிளைப் பற்றவைப்பார்கள், நேர் கீழே தெர்மாகோல் கட்டு கிடக்கும். தீ பிடித்தால் ஷீட் உருகி, எரிந்தபடியே சொட்டும். சொட்டு விழுந்த இடமும் பற்றிக்கொள்ளும். கரும்புகையில் இரண்டடி தள்ளி இருக்கும் வாசல் கூடத் தெரியாது. கட்டுகளை 11 மீட்டராவது தள்ளி வையுங்கள். நகர்த்த முடியாவிட்டால் தீப்பிடிக்காத விரிப்பால் மூடுங்கள். வெல்டிங் முடிந்தபின் ஒரு மணி நேரம் ஓர் ஆள் அங்கேயே நின்று பார்க்க வேண்டும். "தானே அணையும் ரகம் வாங்கியிருக்கிறோம்" என்று இதைத் தவிர்க்கக் கூடாது. சின்னச் சுடரை எடுத்துவிட்டால் அந்த ரகம் அணையும். பெரிய தீயில் அதுவும் எரியும்.

ஆலையிலிருந்து புதிதாக வந்த பிளாக்கில், மணிகளை உப்பவைக்கச் சேர்த்த, எளிதில் தீப்பிடிக்கும் பென்டேன் வாயு கொஞ்சம் மிச்சமிருக்கும். அது காற்றைவிட கனமானது, தரையோடு தேங்கும். குடோனில் மேலே மட்டும் ஜன்னல் வைத்துப் பயனில்லை, தரைமட்டத்திலும் திறப்பு வேண்டும். உள்ளே பீடி, சிகரெட் கூடவே கூடாது.

தெர்மாகோலை பெட்ரோலில் கரைத்து, ஒழுகும் வாளிக்குப் பசை போடும் வழக்கம் நம்மூரில் உண்டு. அதை விட்டுவிடுவதே நல்லது. தீப்பிடித்தால் அந்தப் பசை தோலில் ஒட்டிக்கொண்டே எரியும், உதறினாலும் போகாது.

பெட்ரோல் கரைப்பதைப் போலவே தின்னர், அசிட்டோன், மஞ்சள் ரப்பர் பசை, ஸ்ப்ரே பெயிண்ட் எல்லாம் ஷீட்டை அரித்துக் குழியாக்கும். ஒட்டுவதற்குத் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை, பூசுவதற்கு எமல்ஷன் பெயிண்ட் போதும். புதிய பசை எதுவானாலும் கழிவுத் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள்.

எலக்ட்ரீஷியன்கள் பலர் கவனிக்காத ஒன்று: பிவிசி ஒயரை தெர்மாகோலோடு ஒட்டி ஓட்டக் கூடாது. ஒயரை வளைந்துகொடுக்க வைக்கும் எண்ணெய் போன்ற பொருள் ஷீட்டுக்குள் இறங்கிவிடும். ஷீட் பிசுபிசுக்கும், நாளடைவில் ஒயரின் உறை விறைத்து விரிசல் விடும். ஃபால்ஸ் சீலிங்கில் ஒயரைக் கட்டாயம் பைப்புக்குள் விடுங்கள்.

மின்சாரத்தில் சூடாகும் நிக்ரோம் கம்பியால் ஷீட்டை வெட்டுபவர்கள் அதை நேராக வீட்டு மின்சாரத்தில் செருகுவது உயிருக்கே ஆபத்து. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். வெட்டும்போது புகை கிளம்பினால் கம்பி தேவைக்கு மேல் சூடாகிவிட்டது. வோல்ட்டைக் குறைத்துவிடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வெளியே அடுக்கினால் மரக்கட்டை மேல் படுக்கையாக வையுங்கள். சாய்த்தால் வளையும். கண்ணாடி போன்ற பாலிதீனாலோ கறுப்புத் தார்ப்பாயாலோ மூடினால் உள்ளே வெயில் சூடு ஏறி ஷீட் சுருங்கும். 80 டிகிரி தாண்டினால் இளக ஆரம்பிக்கும். வெள்ளைத் தார்ப்பாய் நல்லது. மூடாமல் விட்டாலோ வெயில் பட்டு மஞ்சளாகி, மேற்பரப்பு மாவாக உதிரும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டவும் வேண்டும். காற்றுக்கு இது எப்படி ஆடும் என்பதை 2017 ஏப்ரலில், தண்ணீர் ஆவியாகாமலிருக்க வைகை அணையில் தெர்மாகோலை மிதக்கவிட்டபோது நாடே பார்த்தது.

கழிவுத் துண்டுகளை எரிக்காமல் சாக்கில் கட்டி மறுசுழற்சிக்குக் கொடுங்கள். உதிர்ந்த மணிகளை அன்றன்றே கூட்டி அள்ளாவிட்டால் அடுத்த மழையில் சாக்கடைக்குப் போய்விடும்.