டெத்லூப் வாங்கலாமா? விமர்சனங்களை இப்படிப் படித்துப் பாருங்கள்

2021 செப்டம்பர் 14 அன்று டெத்லூப் என்ற வீடியோ கேம் சோனியின் பிஎஸ்5 மெஷினிலும் கணினியிலும் வெளிவந்தது. கேம் விமர்சனத் தளமான ஐஜிஎன் பத்துக்குப் பத்து போட்டது. இன்னொரு தளமான கேம்ஸ்பாட்டும் பத்துக்குப் பத்து. அதே வாரம், கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் அதன் பக்கத்தைத் திறந்தவர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள்: காசு கொடுத்து வாங்கியவர்களில் ஒரு பெரிய கூட்டம் கேமைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தது. தள்ளுபடியில் விலை இறங்கியதும் பழைய கதையெல்லாம் தோண்டிப் படித்துவிட்டு என் அக்கா மகன் கேட்டான்: "சித்தி, அவ்வளவு நல்ல கேம்னா அப்ப ஏன் அத்தனை பேர் திட்டினாங்க? நான் யாரை நம்புறது?"

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். வருஷா வருஷம் விடைத்தாள் திருத்தப் போகிறவள். எங்களுக்காவது கையில் விடைக்குறிப்பு இருக்கும். எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்று அதில் எழுதியிருக்கும். கேம் விமர்சகருக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் அவனுக்கு நான் சொன்ன முதல் விஷயம், மதிப்பெண்ணைக் கடைசியாகப் பார் என்பதுதான். அப்புறம் மீதியையும் சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் கேம் என்ன என்பதை இரண்டு வரியில் தெரிந்துகொள்ளுங்கள். விமர்சனத்தில் வரும் சண்டை பாதி அதில்தான் ஒளிந்திருக்கிறது. பிளாக்ரீஃப் என்ற தீவில் ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது. கோல்ட் என்பவன் எட்டுப் பேரை ஒரே நாளுக்குள் தீர்த்துக்கட்டினால்தான் அந்தச் சுழல் உடையும். தீவில் நான்கு இடங்கள், நாளில் நான்கு பொழுதுகள். ஒரு பொழுதில் ஓர் இடத்துக்குத்தான் போகலாம். எட்டுப் பேர், நான்கே வாய்ப்பு என்பதால் சிலரை ஒரே இடத்துக்கு வரவைத்தாக வேண்டும். நடுவில் ஜூலியானா என்பவள் கோல்ட்டை வேட்டையாட வருவாள். இணையம் வழியாக வேறொரு ஆட்டக்காரரே ஜூலியானாவாக உள்ளே புகலாம். செய்தவர்கள் பிரான்சின் லியோன் நகரத்து ஆர்கேன் ஸ்டூடியோ. டிஸ்ஆனர்ட் என்ற பதுங்கிப் போகும் கேமை எடுத்த அதே ஆட்கள்.

இப்போது நாலைந்து விமர்சனங்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் தேட வேண்டியது, எழுதியவர் எந்த மெஷினில், எப்போது ஆடினார் என்பது. வழக்கமாகக் கட்டுரையின் தலையிலோ வாலிலோ ஒரு வரியில் இருக்கும். டெத்லூப் விஷயத்தில் அந்த ஒரு வரி பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். ஸ்டீமில் எழுந்த கூச்சலில் பெரும்பகுதி, நல்ல விலையுள்ள கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தும் படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்பதுதான். திருட்டுப் பிரதியைத் தடுக்கும் டெனுவோதான் காரணம் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். வெளியீட்டாளரான பெதஸ்டா, அதிக ஃபிரேம் ரேட்டில் (நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு) மவுசால் கேமராவைத் திருப்பும்போது வரும் நுண்ணிய தடுமாற்றம் அது என்று விளக்கம் சொல்லி, அப்டேட்களும் விட்டது. பிஎஸ்5-ல் கையில் கன்ட்ரோலரோடு ஆடியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கவே நியாயம் இல்லை. ஆக, இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. அவரவர் மேசையில் இருந்ததைச் சொன்னார்கள்.

இப்படிப்பட்ட மெஷின் குறைகளைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். அவை காலத்தோடு மாறும். பழைய விமர்சனத்தில் படித்துவிட்டு இன்றைக்கும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே சமயம் உங்கள் கணினிக்கு அது இன்னும் பொருந்தலாம். குறைந்தபட்சத் தேவையே 12 ஜிபி ரேம் என்று போட்டிருந்த கேம் இது.

அடுத்த வேலைதான் முக்கியமானது, இதற்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். ஒரே தகவலை ஒருவர் பாராட்டாகவும் இன்னொருவர் குறையாகவும் எழுதியிருக்கும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். டெத்லூப்பில் அப்படி மூன்று நான்கு இடங்கள் தாராளமாகக் கிடைக்கும்.

ஒன்று, வழிகாட்டும் குறிகள். எந்தத் துப்பைக் கண்டுபிடித்தாலும் கேம் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்து எந்தப் பொழுதில் எங்கே போ என்று திரையில் காட்டிவிடும். சுழலை உடைக்கும் கடைசி ஏற்பாடும் ஒரே ஒரு வழியில்தான் முடிகிறது. இதையே ஒரு தரப்பு, 'இவ்வளவு சிக்கலான விஷயத்தில் தொலைந்துபோகாமல் கைபிடித்துக் கூட்டிப்போகிறது' என்று மெச்சியது. இன்னொரு தரப்பு, 'துப்பறிவது நான் இல்லை, கேமே துப்பறிகிறது. நான் அம்புக்குறி பின்னால் நடக்கிறேன்' என்று சலித்துக்கொண்டது. இரண்டும் சரி. 2019-ல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் என்ற கேமை ஆடியிருந்தால் உங்கள் பதில் எது என்று உடனே தெரிந்துவிடும். அதிலும் முதல் நபர் பார்வை, அதிலும் காலச்சுழல், 22 நிமிடத்தில் எல்லாம் முடிந்து மறுபடி முதலிலிருந்து. கை பிடிக்க யாரும் வர மாட்டார்கள். அது உங்களுக்குப் பிடித்திருந்தால் டெத்லூப்பின் புதிர் சப்பென்று தெரியலாம். அதில் தலை சுற்றி விட்டுவிட்டு ஓடியவர் என்றால் இது உங்களுக்காகவே செய்தது. (என் அக்கா மகன் ஓடியவன்.)

இன்னொன்று, ஓடாத கடிகாரம். காலச்சுழல் என்று பெயர் இருந்தாலும், ஓர் இடத்துக்குள் போய்விட்டால் அங்கே நேரம் நகராது. மதியம் என்றால் நீங்கள் கிளம்பும்வரை மதியம்தான். அவசரம் இல்லாமல் மூலை முடுக்கெல்லாம் துழாவலாம் என்று சிலர் மகிழ்ந்தார்கள். அப்புறம் எதற்குச் சுழல் என்று சிலர் கேட்டார்கள். நான் முதல் கட்சி.

மந்தமான எதிரிகளைப் பற்றியும் அப்படித்தான். பக்கத்தில் ஒருவன் செத்து விழுந்தாலும் அடுத்தவன் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுகிறான் என்ற புகார் அநேகமாக எல்லா விமர்சனத்திலும் வரும். அதை எழுதியவர் டிஸ்ஆனர்ட் ரசிகரா என்று பாருங்கள். அந்த கேமில் நிறையக் கொன்றால் உலகமே இருண்டுபோகும். பதுங்கிப் போவதற்கு மரியாதை இருந்தது. இங்கே கொலைக்குத் தண்டனை கிடையாது, நாளை எல்லோரும் எழுந்துவிடுவார்கள். டிஸ்ஆனர்ட் எதிர்பார்ப்போடு வந்தவர்களுக்கு இது கொஞ்சம் மலிவாகத் தெரிந்தது. முதல்முறையாக ஆர்கேன் கேமைத் தொட்டவர்களுக்கோ 'அப்பாடா, தப்புப் பண்ணிவிட்டோமோ என்று பயப்படாமல் சுடலாம்' என்று இருந்தது.

ஜூலியானா விஷயத்தில் விமர்சகரின் அமைப்பைக் கவனியுங்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் புகலாம், நண்பர்கள் மட்டும், தனியாட்டம் என்று மூன்று வகை உண்டு. தனியாட்டத்திலும் ஜூலியானா வருவாள், கேமே அவளை நடத்தும். முதல் வகையில் ஆடியவர் எழுதிய எரிச்சலை மூன்றாம் வகையில் ஆடப்போகிற நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

எல்லோரும் ஒரே குரலில் பாராட்டியதை வேகமாகத் தாண்டிவிடலாம். கோல்ட்டும் ஜூலியானாவும் வானொலியில் போடும் சண்டை, அறுபதுகளின் சாயல் கொண்ட சுவர்களும் நாற்காலிகளும் போஸ்டர்களும். இவற்றில் கருத்து வேறுபாடே இல்லை. குரல் கொடுத்த ஜேசன் கெல்லி, ஓசியோமா அகாகா இருவருமே 2021 கேம் அவார்ட்ஸ் விருது விழாவில் நடிப்புப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார்கள். அந்த விழாவில் டெத்லூப்புக்குச் சிறந்த இயக்கம், சிறந்த கலை இயக்கம் இரண்டும் கிடைத்தன. அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை இட் டேக்ஸ் டூ தட்டிப் போனது. விருதில் நடுவர்களின் ஓட்டுக்குத் தொண்ணூறு சதவீத எடை. அதாவது விமர்சனம் எழுதுகிற அதே உலகம்தான் விருதும் கொடுக்கிறது. அதை இன்னொரு சாட்சியாக எண்ணிக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

பலர் ஒரு வரியில் சொல்லிப் போன குறை உங்களுக்குப் பெரிதாக இருக்கலாம். எனக்கு அப்படி ஒன்று, சேவ். வெளிவந்தபோது ஓர் இடத்தின் நடுவில் நிறுத்தி, கேமை மூடிவிட்டு, மறுநாள் அதே புள்ளியிலிருந்து தொடர வழி இல்லை. பொழுது முடிந்தால்தான் சேவ் ஆகும். முழு நாளும் கேம் ஆடுவதே வேலையாக இருப்பவருக்கு இது சின்ன முணுமுணுப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாமல் ஆடுகிற எனக்கு இதுதான் தலைப்புச் செய்தி. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ரிட்டர்னல் என்ற கேமும் இதே புகாரில் மாட்டியது. அக்டோபரில் ரிட்டர்னலைச் செய்தவர்கள் நிறுத்திவைக்கும் வசதியைச் சேர்த்தார்கள். ஆகவே 'நேரம்', 'சேவ்' போன்ற சொற்கள் வரும் வரிகளைத் தனியாகத் தேடுங்கள்.

சரி, தேதிக்கு வருவோம். 2022 செப்டம்பர் 20 அன்று எக்ஸ்பாக்ஸில் வந்தபோது கோல்டன் லூப் என்ற பெரிய அப்டேட் எல்லோருக்கும் கிடைத்தது. புது ஆயுதம், புது சக்தி, வெவ்வேறு மெஷின்காரர்கள் சேர்ந்து ஆடும் வசதி, இவற்றோடு நீட்டிக்கப்பட்ட முடிவும் வந்தது. சட்டென்று முடிந்துவிட்டது என்று முதல் வாரத்தில் பலர் குறைபட்டது அந்த முடிவைத்தான். இன்றைக்கு நீங்கள் பார்க்கப்போகும் முடிவு அவர்கள் பார்த்தது அல்ல. ஆனால் பல பத்திரிகைகளின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாக்ரிடிக் தளத்தில் நிற்கிற சராசரி பெரும்பாலும் அந்த முதல் வாரத்தின் சராசரி. எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதையும் அந்தத் தளம் வெளியே சொல்வதில்லை. யூரோகேமர் போன்ற விமர்சனத் தளங்கள் அப்போது எண்ணே போடுவதில்லை. நீளமாக, நிதானமாக அவர்கள் எழுதியது அந்தச் சராசரியில் ஒரு புள்ளியாகக்கூடச் சேராது. அதனால் 2022-க்குப் பிறகு எழுதிய ஒன்றையாவது, எண் இல்லாத ஒன்றையாவது கட்டாயம் படியுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு இப்போது மதிப்பெண்ணைப் பாருங்கள். அந்தப் பத்து யாருடைய பத்து என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

வாங்குவது என்று முடிவானால் ஒன்று. ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் டெத்லூப்பின் தொடக்கம் ஒரு நீளமான பாடம். சுழல் தன் முழு விளையாட்டைக் காட்டுவதற்குள் அந்த 2 மணி நேரம் அநேகமாகக் கரைந்துவிடும். எனவே அந்த நேரத்தில் பிடிக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அதற்குத்தான் விமர்சனங்களைப் படித்தீர்கள். மெஷினை மட்டும் சோதியுங்கள். கூட்டமான இடத்தில் நின்று மவுசை வேகமாக இடமும் வலமும் திருப்புங்கள், படம் திக்குகிறதா என்று பாருங்கள். திக்கினால் செட்டிங்ஸில் ஃபிரேம் ரேட்டைக் கட்டுப்படுத்திவிட்டு இன்னொரு முறை. அப்படியும் சரியாகவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேட்டுவிடுங்கள்.