குளோரெல்லாவிலிருந்து பயோடீசல்: கல்லூரி ஆய்வகத்துக்கான தொடக்கநிலைச் செய்முறை

நுண்பாசியை வளர்ப்பது எளிது; அது கலந்திருக்கும் தண்ணீரை நீக்குவதுதான் கடினம். பாசியிலிருந்து எரிபொருள் எடுப்பதற்கென அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை தனித் திட்டம் நடத்தியது; 2009-இல் எக்ஸான்மொபில் எண்ணெய் நிறுவனமும் இதில் இறங்கிப் பின்னர் விலகியது. பாசி எண்ணெயின் விலை பெட்ரோலிய டீசலின் விலைக்கு இறங்கவே இல்லை. ஆகவே இந்தச் செய்முறை வண்டிக்கு எரிபொருள் எடுப்பதற்கானதன்று. பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதை நீங்களே அளந்து பார்ப்பதற்கானது.

முதல் படி: இனத்தைத் தேர்தல்

ஸ்பைருலினா எளிதில் கிடைக்கும். இழையாக வளர்வதால் துணியிலேயே வடித்துவிடலாம். ஆனால் அதில் புரதமே மிகுதி, கொழுப்பு உலர் எடையில் பெரும்பாலும் பத்து விழுக்காட்டை எட்டாது. எண்ணெய் வேண்டுமெனில் குளோரெல்லா வல்காரிஸ் என்ற நன்னீர்ப் பாசியே பொருத்தமானது. குளத்துப் பாசியை அள்ளி வந்தால் பல இனங்கள் கலந்திருக்கும். தாவரவியல் துறை ஒன்றிலிருந்து தூய வளர்ப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் படி: வளர்த்தல்

ஒளி புகும் கேனில் குளோரின் நீங்கிய தண்ணீரை ஊற்றி, பாசிக்கு உணவாகும் உப்புக் கரைசலான போல்டு ஊடகத்துக்குரிய உப்புகளைக் கரைத்து, பத்தில் ஒரு பங்கு பாசி வளர்ப்பைச் சேருங்கள். மீன் தொட்டிக்குப் பயன்படும் காற்று பம்ப் ஒன்றும், நேர் வெயில் படாத சன்னலோர வெளிச்சமும், 25 முதல் 30 டிகிரி வெப்பமும் போதும். இந்த ஊடகத்தில் லிட்டருக்கு 0.25 கிராம் சோடியம் நைட்ரேட்டு இருக்கும். லிட்டருக்கு ஏறத்தாழ அரை கிராம் பாசி விளையும்போது அந்த நைட்ரசன் தீர்ந்துவிடும். அப்போது அறுவடை செய்ய அவசரப்படாதீர்கள். நைட்ரசன் இல்லாமல் புதிய புரதம் உருவாக்க முடியாத செல், ஒளியிலிருந்து பெறும் ஆற்றலை மாவுச்சத்தாகவும் எண்ணெயாகவும் சேர்த்து வைக்கத் தொடங்கும். கரும்பச்சை நிறம் வெளிறுவதே அதன் அடையாளம். அந்த நிலையில் சில நாட்கள் விட்டுவைத்தால் எண்ணெயின் பங்கு கூடும், ஆனால் வளர்ச்சி நின்றுபோகும். விளைச்சலா எண்ணெயா என்ற இந்த இழுபறியைப் பெரிய திட்டங்களாலும் எளிதில் தீர்க்க முடியவில்லை.

மூன்றாம் படி: அறுவடை

குளோரெல்லா செல்லின் விட்டம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தாண்டுவது அரிது. வேட்டித் துணியை நான்காக மடித்து வடித்தாலும் பச்சைத் தண்ணீர் அப்படியே இறங்கிவிடும். எனவே லிட்டருக்குக் கால் கிராம் என்ற அளவில் படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, மெல்லக் கலக்கி, பாசி திரண்டு அடியில் படியும்வரை காத்திருந்து, மேல்நீரை வடித்துவிடுங்கள். படிகாரமும் எடையில் சேரும் என்பதால், படிகாரம் கலக்குமுன் ஒரு லிட்டரைத் தனியே எடுத்து, ஆய்வக நுண்வடிதாளில் வடித்து உலர்த்தி எடை பாருங்கள்.

நான்காம் படி: உலர்த்துதல்

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு தண்ணீராக உள்ள பாசிக் கூழில், ஒரு கிலோ உலர் பாசிக்கு நான்கு கிலோ தண்ணீர் இருக்கும். அதை ஆவியாக்க ஏறத்தாழ 10 மெகாஜூல் வெப்பம் தேவை. அந்த ஒரு கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் இருந்தால், அதிலிருந்து வரும் பயோடீசல் தருவது 7 மெகாஜூலை ஒட்டியே இருக்கும். அடுப்பில் வைத்து உலர்த்தினால் நட்டம் என்பது இதனால் தெளிவாகும். மெல்லிய படலமாகப் பரப்பி வெயிலிலேயே காயவிடுங்கள்.

ஐந்தாம் படி: எண்ணெய் எடுத்தல்

உலர்ந்த பாசியைச் சுத்தமான மணலுடன் கல்வத்தில் நன்றாக அரைத்தால்தான் அதன் கெட்டியான செல்சுவர் உடையும். அந்தத் தூளை, எண்ணெயைக் கரைத்தெடுக்கும் திரவமான ஹெக்சேனில் ஊறவைத்து வடித்து, ஹெக்சேனை ஆவியாக்கினால் பச்சை எண்ணெய் மிஞ்சும். ஹெக்சேன் ஆவி சட்டெனத் தீப்பற்றும். புகைபோக்கிப் பெட்டிக்குள், ஆசிரியர் முன்னிலையில், தீச்சுடர் எதுவும் இல்லாமலே இதைச் செய்ய வேண்டும். பத்து லிட்டருக்கு ஐந்து கிராம் பாசியும், அதில் ஒரு கிராம் அளவு எண்ணெயும் கிடைத்தால் நல்ல விளைச்சல்தான்.

ஆறாம் படி: பயோடீசலாக மாற்றுதல்

ஒரு கிராம் எண்ணெயைக் கையாள்வது தொடக்கநிலையில் கடினம் என்பதால், வினையை 100 மில்லிலிட்டர் சூரியகாந்தி எண்ணெயில் பழகுங்கள். 20 மில்லிலிட்டர் மெத்தனாலில் 0.35 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்து எண்ணெயுடன் சேர்த்து, 55 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கி, இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். கிளிசரின் அடியில் தங்கும், பயோடீசல் மேலே நிற்கும். பாத்திரத்தில் ஈரம் இருந்தால் சோப்புதான் மிஞ்சும். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த சாராயத்தில் கலந்திருந்தது இதே மெத்தனால்தான்; கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதன் குப்பியைத் திறக்காதீர்கள்.

உலர்த்தும் வேலையே வேண்டாம் என நினைப்பவர்கள், பாசிக் கூழை ஈரத்தோடு சாண எரிவாயுக் கலனில் இடலாம். பாசியில் நைட்ரசன் மிகுதி என்பதால் தனியே இட்டால் அம்மோனியா பெருகி வாயு குறையும். நறுக்கிய வைக்கோலைச் சாணத்துடன் கலந்து, பாசியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.