பிரெய்ரியில் ஒரு சுவிஸ் குடும்பம்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவின் பிரெய்ரிப் புல்வெளியில் குடியேறிய சுவிஸ் விவசாயக் குடும்பம் என்றதும் நம் மனதில் எழுவது சாக்லேட் உறையில் அச்சடித்த படம்தான்: கழுத்தில் மணி கட்டிய மாடு, பெரிய வட்டப் பாலாடைக்கட்டி, பின்னால் பனிமலை. மலையை மட்டும் அழித்துவிட்டு அதே குடும்பத்தைச் சமவெளியில் நிறுத்தினால் கதை தயார் என்று நினைத்துவிடுகிறோம். சிறுகதை எழுதுகிறவர், குடும்ப வரலாறு தேடுகிறவர், மொழிபெயர்ப்பவர் என்று எல்லோரும் சறுக்கும் இடம் இது. இந்தக் குடும்பங்களில் பல, சொந்த ஊரில் தெரிந்த தொழிலைப் புது மண்ணில் தொடர வந்தவை அல்ல. தெரியாத தொழிலை, பெரும்பாலும் கடன் வாங்கி, அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டன. இதை மறந்தால் மற்ற தவறுகள் தானாக வந்து சேரும்.

வந்த அன்றே பாலாடைக்கட்டி

விஸ்கான்சின் மாநிலத்தில் நியூ கிளாரஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் கிளாரஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள் 1845-ல் உண்டாக்கியது. இன்றைக்கு அந்த வட்டாரத்துக்கே அடையாளம் பாலாடைக்கட்டி என்பதால், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் என்று எழுதிவிடுகிறார்கள்.

கிளாரஸில் அன்று ஏராளமான குடும்பங்களுக்குச் சோறு போட்டது பஞ்சும் துணியும். வீட்டில் நூற்று, நெய்து பிழைத்தவர்களின் கூலியை இயந்திரங்கள் தின்றன. பள்ளத்தாக்கில் ஆட்கள் அதிகம், நிலமோ கையகலம். ஊர்ச் சபைகளும் மாகாணமும் பணம் போட்டு மக்களை அனுப்பிவைத்தன. உதவியும் உண்டு, பாரத்தைத் தள்ளிவிடும் எண்ணமும் உண்டு. இங்கே இன்னொரு தவறும் அடிக்கடி நுழைகிறது. உருளைக்கிழங்கு நோய்தான் இவர்களை விரட்டியது என்பார்கள். அந்த நோய் ஐரோப்பாவில் பரவியது 1845 கோடையில். இவர்கள் ஏப்ரலிலேயே கிளம்பிவிட்டார்கள்.

நிலம் பார்த்து வாங்க நிக்கலஸ் டூர்ஸ்ட், ஃப்ரிடொலின் ஸ்ட்ரைஃப் என்ற இருவர் முன்கூட்டியே போனார்கள். வாங்கியது 1,200 ஏக்கர் நிலமும், மரத்துக்காக 80 ஏக்கர் காடும். பின்னாலேயே 193 பேர் புறப்பட்டார்கள். ரைன் நதி, கடல், ஒஹையோ நதி, மிசிசிப்பி என்று மாதக்கணக்கில் வந்து ஆகஸ்டில் ஊரைத் தொட்டவர்கள் 108 பேர். மீதிப் பேரில் சிலர் இறந்தார்கள், சிலர் வழியிலேயே வேலை தேடித் தங்கிவிட்டார்கள்.

அப்புறம் சீட்டுப் போட்டு நிலத்தைப் பிரித்தார்கள், குடும்பத்துக்கு 20 ஏக்கர். கிளாரஸ் கணக்கில் அது பெரிய சொத்து. அமெரிக்கக் கணக்கில் அது காணாது. பலர் பின்னாளில் பக்கத்து நிலங்களை வாங்கித்தான் நிமிர்ந்தார்கள். இந்த 20 ஏக்கரை யாரும் கதையில் கொண்டுவருவதில்லை. எனக்கு நியூ கிளாரஸ் கதையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பிறந்த ஊரின் அளவுகோலை எவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள் பாருங்கள்.

முதலில் காசு பார்த்தது கோதுமையில். வருடா வருடம் அதையே போட்டு மண் களைத்தது. பயிரின் சாற்றை உறிஞ்சும் சின்ச் பூச்சி வந்தது. அதன் பிறகுதான் பால் பக்கம் திரும்பினார்கள். 1868-ல் நிக்கலஸ் கெர்பர் என்பவர் அங்கே லிம்பர்கர் பாலாடைக்கட்டித் தொழிற்கூடம் தொடங்கினார். அதாவது ஊர் உண்டாகி 20 வருடத்துக்கும் மேல் ஆன பிறகு. ஊர் ஏக்கத்தில் செய்த காரியமாக அதைக் காட்டுவது அழகாக இருக்கும். ஆனால் அவர்களைத் தள்ளியது விளையாத கோதுமை.

சுவிஸ் என்றால் விவசாயி

இதைவிட மோசமான கதை கனடாவின் ரெட் ரிவர் குடியேற்றம். 1821-ல், அந்தக் குடியேற்றத்தைத் தொடங்கிய செல்கர்க் பிரபுவின் பெயரால் ஆள் சேர்த்தபோது வந்த சுவிஸ்காரர்களில் கடிகாரம் செய்பவர்களும் பலகாரம் செய்பவர்களும் இருந்தார்கள். ஜெர்மன் பேசியவர்கள், பிரெஞ்சு பேசியவர்கள் இரு தரப்பும் உண்டு. ஹட்சன் விரிகுடா வழியாக வந்து, படகில் உள்நாட்டுக்குள் ஏறி, நவம்பரில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஊரில் நவம்பர் என்றால் நதி உறையும் காலம். விதைக்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. 1826-ல் பெருவெள்ளம் வந்ததும் பெரும்பாலோர் தெற்கே அமெரிக்கப் பக்கம் போய்விட்டார்கள்.

எம்மென்டால் பகுதியிலிருந்து வந்த ரிண்டிஸ்பாகர் குடும்பம் இந்தக் கூட்டத்தில் ஒன்று. மகன் பீட்டருக்கு அப்போது 15 வயது. அவன் வரைந்த நீர்வண்ணப் படங்களில் காட்டெருமை வேட்டை, பழங்குடியினரின் கூடாரம், பனியில் நாய் இழுக்கும் வண்டி எல்லாம் இருக்கின்றன. கனடாவின் மேற்குப் பகுதியை நேரில் பார்த்து வரைந்த முதல் ஓவியங்களில் அவை சேரும். எழுதப்போகிறவர் அந்தப் படங்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இலவச நிலம்

அமெரிக்காவில் அரசு நிலத்தைக் குடியேறுகிறவர்களுக்குக் கொடுத்த 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் கிடைத்தது. கட்டணமாக மொத்தம் 18 டாலர் அளவில்தான் ஆகும். ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து சாகுபடி காட்ட வேண்டும். வெளிநாட்டவர் என்றால் குடிமகன் ஆகும் எண்ணத்தை அறிவிக்க வேண்டும். மணமாகாத பெண்ணும் 21 வயதானால் தன் பெயரில் கேட்கலாம். மணமான பெண் பொதுவாகக் கேட்க முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மனைவி பெயரில் பத்திரம் வாங்கவைக்கும் கதைகளைப் பார்த்திருக்கிறேன்.

நிலம் கிட்டத்தட்ட இலவசம், சரி. காளை, கலப்பை, கிணறு, விதை, அறுவடை வரைக்கும் சாப்பாடு? செலவு அங்கேதான். பிரெய்ரிப் புல்லின் வேர் பின்னிக் கிடந்த மண்ணில் சாதாரணக் கலப்பை இறங்காது. பல ஜோடிக் காளை பூட்டிய கனத்த கலப்பை வேண்டும். இல்லாதவர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து உழுவித்தார்கள். முதல் வருடம் புரட்டிப்போட்ட புல்தரை அழுகாமல் பாளமாகவே கிடக்கும். கோடாரியால் அதில் ஒரு வெட்டுப் போட்டு, மக்காச்சோளத்தை உள்ளே விட்டு, குதிகாலால் மிதித்து மூடிக்கொண்டே போவார்கள். விளைச்சல் சுமார்தான்.

இன்னொன்று: சொந்த நிலத்திலேயே குடியிருக்க வேண்டும் என்ற அந்த நிபந்தனை, கிராமமாகச் சேர்ந்து வாழ்ந்து பழகியவர்களைத் தனித்தனியாகப் பிய்த்துப் போட்டது. தனிமையைப் பற்றி எழுதும்போது பரந்த வானத்தை வர்ணிப்பதைவிட இந்தச் சட்டத்தைச் சொல்வது மேல்.

எல்லோருக்கும் புல்கட்டி வீடு

நியூ கிளாரஸ் பக்கம் கருவாலி மரங்கள் உண்டு. அங்கே மர வீடுதான். புல்கட்டி வீடு மரமில்லாத நெப்ராஸ்கா, கான்சாஸ், டகோட்டா பகுதிகளுக்கு உரியது. புல்தரையை வேரோடு ஓர் அடி அகலப் பட்டையாக உழுது, இரண்டு மூன்று அடி நீளத் துண்டாக வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல்போல் அடுக்குவார்கள். சுவர் இரண்டு அடிக்கும் மேல் தடிமன். கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு. ஆனால் வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே ஒழுகும். மண்ணும் பூச்சியும் சாப்பாட்டில் விழாமல் இருக்கக் கூரைக்குக் கீழே துணி கட்டுவார்கள். அடுப்புக்கு முறுக்கிய வைக்கோலும் காய்ந்த சாணமும்.

காலக் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1845-ல் வந்த குடும்பத்துக்கு ஹோம்ஸ்டெட் பத்திரம் கிடையாது. ஜோசப் கிளிடன் என்பவரின் முள்கம்பிக்குக் காப்புரிமை கிடைத்தது 1874-ல், அதற்கு முன்னால் வேலியில் அதைப் போட்டுவிடாதீர்கள். வெட்டுக்கிளிக் கூட்டம் கான்சாஸையும் நெப்ராஸ்காவையும் மொட்டையடித்ததும் அதே 1874-ல்தான்.

பிறந்த நாட்டை வைத்துத் தேடுவது

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கே. கான்சாஸின் மவுண்ட்ரிட்ஜ், தெற்கு டகோட்டாவின் ஃப்ரீமன் ஆகிய ஊர்ப் பக்கம் 1874-ஐ ஒட்டி வந்த சுவிஸ் மென்னோனைட்டுகள் (ஆயுதம் ஏந்த மறுக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) ஸ்விட்சர்லாந்தைக் கண்ணால் பார்த்தவர்களே அல்ல. முன்னோர் மதத் துன்புறுத்தலால் பெர்னை விட்டுப் போய், பல நாடு சுற்றி, ரஷ்யப் பேரரசின் வொலினியாவில் வாழ்ந்தவர்கள். ரஷ்யா கட்டாய ராணுவச் சேவை கொண்டுவந்ததும் அங்கிருந்தும் கிளம்பினார்கள். மக்கள்தொகைக் கணக்கில் ரஷ்யா என்று இருப்பதைப் பார்த்து, இது வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1888 ஜனவரி 12-ல் திடீரென அடித்த பனிப்புயலில், பள்ளியிலிருந்து கிளம்பி வழி தவறி உறைந்து இறந்த ஃப்ரீமன் பக்கத்துச் சிறுவர்கள் ஐந்து பேர் இந்தச் சமூகத்துப் பிள்ளைகள்தான்.

நேராக ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தவர்களுக்கும் பிறந்த ஊர் போதாது. அந்த நாட்டில் ஒரு குடும்பத்தின் குடியுரிமை அதன் பூர்விக ஊரோடு கட்டப்பட்டது. யார் எங்கே பிறந்தாலும் குடும்பப் பதிவு அந்த ஊரில் இருக்கும். பூர்விக ஊரைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

ஊருக்கு எழுதிய கடிதங்களை அப்படியே நம்புவதும் தவறு. ஒருவருக்கு வந்த கடிதத்தைப் பத்துப் பேர் படிப்பார்கள், சில பத்திரிகையிலும் வரும். தோற்றுப்போனேன் என்று எழுத யாருக்கு மனம் வரும்? ஆள் பிடிக்கும் பயண முகவர்களுக்கும் நல்ல கடிதமே தேவைப்பட்டது. அவர்களைக் கட்டுப்படுத்த 1880-ல் ஸ்விட்சர்லாந்து தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. கடிதத்தோடு அடமானப் பத்திரத்தையும் கடைக் கணக்கையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். மளிகைக் கடனை வீட்டுப் பெண்கள் விற்ற முட்டையும் வெண்ணெயும் அடைத்ததுகூட அங்கேதான் தெரியும்.

கடைசியாக, யாருமற்ற வெற்று நிலம் என்று தொடங்கும் முதல் வரியை வெட்டிவிடுங்கள். தெற்கு விஸ்கான்சின் ஹோ-சங்க் என்ற பழங்குடி மக்களின் நிலம். 1829, 1832 ஒப்பந்தங்களில் அது அவர்கள் கையை விட்டுப் போனது. கிளாரஸ்காரர்கள் வந்து இறங்கியது அதற்கு 13 வருடம் கழித்து. எந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதினாலும், அவர்கள் நிலம் வாங்கிய வருடத்துக்கு முன்னால் இப்படி ஓர் ஒப்பந்த வருடம் இருக்கும். முதலில் அதைத் தேடி எடுத்துவிட்டு எழுத உட்காருங்கள்.