நியூஜெர்சி ஸ்லாப்பி ஜோ: மூன்று ரொட்டி, இரண்டு அடுக்கு, நிறைய கோஸ்

அமெரிக்காவில் மற்ற ஊர்களில் ஸ்லாப்பி ஜோ என்று கேட்டால், தக்காளி சாஸில் வெந்த கொத்துக்கறியை பன்னில் வைத்துத் தருவார்கள். நான் சொல்லப்போவது அது இல்லை. வடக்கு நியூஜெர்சியில், முக்கியமாக எசெக்ஸ் கவுண்டிப் பக்கம், டெலி என்னும் சாண்ட்விச், குளிர் இறைச்சிக் கடைகளில் குளிரக் குளிரக் கிடைக்கும் அடுக்கு சாண்ட்விச் இது. மூன்று மெல்லிய ரை (கம்புபோன்ற ஒரு தானியம்) ரொட்டிகள், இரண்டு வகை இறைச்சி, ஸ்விஸ் சீஸ், கோல்ஸ்லா என்னும் முட்டைக்கோஸ் சாலட், மயோனைஸும் கெட்சப்பும் கலந்த ரஷ்யன் டிரெஸ்ஸிங். பட்டமளிப்பு விருந்தானாலும் சரி, துக்க வீடானாலும் சரி, இந்தப் பக்கம் பெரிய தட்டில் இதுதான் வரும்.

எசெக்ஸ் கவுண்டியிலுள்ள சவுத் ஆரஞ்சு என்ற ஊரில் தொடங்கிய டவுன் ஹால் டெலிதான் இதன் பிறப்பிடம் என்பார்கள். 1930-களில் பக்கத்து ஊர் மேயர் ஒருவர் கியூபாவின் ஹவானாவுக்குப் போய், அங்கே ஸ்லாப்பி ஜோ பாரில் சாப்பிட்ட சாண்ட்விச்சை மறக்க முடியாமல், அதே மாதிரி செய்து தரச் சொன்னார் என்பது கதை. பழைய செய்முறையில் பன்றித் தொடைக்கறியும் மாட்டு நாக்கும் இருந்தன. இப்போது டர்க்கி (வான்கோழி), ரோஸ்ட் பீஃப், பாஸ்ட்ராமி (மசாலா தடவிப் புகையூட்டிய மாட்டிறைச்சி) என்று அவரவர் விருப்பம். விருந்தினர் பலர் வரும்போது நான் டர்க்கியையும் பாஸ்ட்ராமியையும் வைப்பேன். பீஃப் சாப்பிடாதவர்கள் வந்தால் இரண்டு அடுக்கும் டர்க்கிதான்.

இந்த சாண்ட்விச்சைக் கெடுப்பவை இரண்டே: தடித்த ரொட்டி, தண்ணீர் விடும் கோஸ். இந்த இரண்டையும் சரியாகக் கவனித்துவிட்டால் மற்றது அடுக்குகிற வேலைதான்.

முதலில் கோஸ். எட்டுத் துண்டாக வெட்டும் ஒரு பெரிய சாண்ட்விச்சுக்கு 300 கிராம் முட்டைக்கோஸ் போதும். நடுத்தண்டை எடுத்துவிட்டு முடியிழை மாதிரி சீவுங்கள். ஒரு சிறிய கேரட்டையும் துருவிச் சேர்த்து, ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கையால் பிசறி அரை மணி நேரம் வடிதட்டில் வையுங்கள். உப்பு கோஸிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். அப்புறம் ஒரு கைப்பிடி கைப்பிடியாக எடுத்து நன்றாகப் பிழியுங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டுவது நிற்கும் வரை பிழிய வேண்டும், இதில் இரக்கமே காட்டாதீர்கள். ஒரு இழையை வாயில் போட்டுப் பாருங்கள்: வளைய வேண்டும், ஆனால் கடிக்கும்போது நறுக்கென்று இருக்க வேண்டும். உப்பு தூக்கலாக இருந்தால் ஒருமுறை அலசி மறுபடி பிழியுங்கள். அதில் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, மிளகுத்தூள், இரண்டு டேபிள்ஸ்பூன் மயோனைஸ் சேர்த்துக் கலந்து ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுக்கும் முன் அடியில் நீர் தேங்கியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

டிரெஸ்ஸிங் சுலபம். அரை கப் மயோனைஸ், இரண்டு டேபிள்ஸ்பூன் கெட்சப், பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாய் ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு டீஸ்பூன் ஹார்ஸ்ராடிஷ் (கடுகுபோல் காரமான ஒரு கிழங்கின் துருவல்), சில சொட்டு வோர்ஸ்டர்ஷயர் சாஸ். ஹார்ஸ்ராடிஷை விடாதீர்கள், அந்தக் காரம் மூக்கில் ஏறினால்தான் இது ரஷ்யன் டிரெஸ்ஸிங்.

இனி ரொட்டி. துண்டு போடாத நீளமான ரை ரொட்டியை வாங்கி, குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில், கிடையாகச் சீவ வேண்டும். கனம் கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கடையில் மெஷினில் சீவித் தரச் சொன்னால் நல்லது. வீட்டில் செய்வதானால் ரொட்டியை முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, லேசாக இறுகியதும் பல்லுள்ள நீளக் கத்தியால் அறுங்கள். நீளமானது கிடைக்கவில்லையா, மெல்லிய துண்டுகளாக விற்கும் சாதாரண ரை போதும். சாண்ட்விச் சிறியதாக வரும், அவ்வளவுதான்.

அறை வெப்பத்தில் இளகிய வெண்ணெயை ரொட்டியின் உள்பக்கங்களில் ஓரம் வரை தடவுங்கள், நடுத்துண்டுக்கு இரண்டு பக்கமும். வெண்ணெய் ருசிக்காக மட்டும் இல்லை, கோஸின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுப்பதும் அதுதான். அதனால் ஓரங்களை விட்டுவிடாதீர்கள்.

அடித்துண்டின் மேல் ஸ்விஸ் சீஸ், அதன் மேல் சுமார் 200 கிராம் வெந்த இறைச்சி. இறைச்சியைத் தட்டையாக அடுக்காமல், மெல்லிய துண்டுகளை மடித்து மடித்துத் தளர்வாகப் போடுங்கள். கடிக்க மெத்தென்று இருக்கும். அதன் மேல் பாதி கோஸ், கோஸ் மேல் தாராளமாக டிரெஸ்ஸிங். நடுத்துண்டை வைத்து இதே வரிசையில் இன்னொரு முறை அடுக்கி, மேல்துண்டால் மூடுங்கள். நடுவில் குவித்துவிட்டு ஓரத்தில் காலியாக விட்டால் வெட்டும்போது சரிந்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இறைச்சிக்குப் பதில் சீஸை இரட்டிப்பாக்கி, சுட்ட குடமிளகாயை நன்றாகத் துடைத்து வைக்கலாம். வோர்ஸ்டர்ஷயர் சாஸில் பெரும்பாலும் நெத்திலி மீன் இருக்கும், அவர்களுக்கான டிரெஸ்ஸிங்கில் அதைச் சேர்க்க வேண்டாம். ஸ்விஸ் சீஸிலும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் இருக்கக்கூடும், லேபிளைப் பாருங்கள்.

அடுக்கி முடித்ததை பார்ச்மென்ட் காகிதத்தில் இறுகச் சுற்றி, மேலே ஒரு பலகையை வைத்து ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் விடுங்கள். வெண்ணெய் உறைந்து எல்லாம் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். வெட்டும் முன்னாலேயே எட்டு இடங்களில் பல்குச்சி குத்திவிட்டு, குச்சிகளுக்கு நடுவே எட்டுத் துண்டுகளாக அறுங்கள். கத்தியை அழுத்தாமல் ரம்பம் இழுப்பதுபோல இழுக்க வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்துக்கொள்ளுங்கள்.

பரிமாறிய பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். மிச்சத்தைச் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். மைக்ரோவேவில் மட்டும் வைக்க வேண்டாம்: கோஸ் துவண்டு, மயோனைஸ் எண்ணெய் பிரிந்து, ரொட்டி ரப்பராகிவிடும்.