வெளியூரில் டிம் சம் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாலக்காட்டு எல்லையில், எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், 'சைனீஸ்' என்றால் கோபி மஞ்சூரியனும் ஃப்ரைடு ரைஸும்தான். அவற்றின் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதே நினைப்போடு மலேசியாவுக்குப் போய், டிம் சம் (சிறு மூங்கில் கூடைகளில், பெரும்பாலும் ஆவியில் வேகவைத்து, தேநீரோடு பரிமாறும் சீனச் சிற்றுண்டி) தேடி ஒரு நாள் முழுவதும் அலைந்து வெறும் வயிற்றோடு திரும்பியவன் நான். மறுநாள் சரியாக அமைந்த வழியை, முதன்முறை போகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதி வைக்கிறேன். கடவுச்சீட்டு, விசா, சிம் கார்டு பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை.

படி 1: ஊரையும் தேடும் சொல்லையும் சரியாகப் பிடியுங்கள்

டிம் சம் என்பது சீனா முழுவதற்கும் பொதுவான உணவன்று. குவாங்டோங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும் வாழும் கான்டனீஸ் மக்களின் வழக்கம். ஆகவே அவர்கள் குடியேறிய ஊர்களில்தான் அதைத் தேட வேண்டும். மலேசியாவில் கோலாலம்பூரும், கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஈப்போவும் அத்தகைய ஊர்கள். பினாங்கில் ஹொக்கியன் என்னும் வேறொரு சீனப் பிரிவினர் மிகுதி என்பதால், அங்கே முதலில் கண்ணில் படுவது வேறு வகை உணவு.

வரைபடச் செயலியில் ஆங்கிலத்தில் 'சைனீஸ் ரெஸ்டாரண்ட்' என்று அடித்தால், பயணிகளுக்கென்றே நடத்தப்படும் பெரிய கடைகள்தாம் முன்னே வந்து நிற்கும். அதற்குப் பதிலாக, மொழிபெயர்ப்புச் செயலியில் 'டிம் சம்' என்று இட்டு, அது தரும் சீன எழுத்துகளை அப்படியே நகலெடுத்துக் கூகுள் மேப்ஸில் ஒட்டித் தேடுங்கள். ஹாங்காங்குக்குப் பழைய முழு எழுத்து வடிவத்தையும், மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் எளிதாக்கிய வடிவத்தையும் தேர்ந்தெடுத்தால் நல்லது. சீனப் பெருநிலத்தில் கூகுள் திறக்காது. அங்கே போகிறவர்கள் ஆமேப் என்னும் சீன வரைபடச் செயலியை வீட்டிலேயே நிறுவிப் பழகிக்கொள்ள வேண்டும்.

படி 2: வரைபடத்தை விடக் கடிகாரம் முக்கியம்

நான் சறுக்கிய இடம் இதுதான். கோலாலம்பூரிலிருந்து இரண்டரை மணி நேர ரயிலில் ஈப்போவுக்குப் போய், பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு, நிதானமாகச் சாப்பிடலாம் என்று மாலை 7 மணிக்குக் கடை வாசலில் போய் நின்றேன். கதவு பாதி இறங்கியிருந்தது. மேசைகளின் மேல் நாற்காலிகள் கவிழ்ந்திருந்தன. ஓர் அம்மையார் வட்டமான மூங்கில் கூடைகளைக் குழாயடியில் தேய்த்துக் கழுவிச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார். அவர் ஆறு விரல்களை விரித்துக் காட்டி, கிழக்குப் பக்கம் கையை நீட்டினார். எனக்குப் புரியவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் பெரியம்மா மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். "புட்டுக்கடைய ராத்திரியில போய்த் தட்டினா யாருடா திறப்பாங்க? காலையில ஆறு மணிக்கு வரச் சொல்றாங்க" என்றார் அண்ணன்.

டிம் சம் சாப்பிடப் போவதைக் கான்டனீஸ் மொழியில் 'யம் சா' என்பார்கள். தேநீர் குடித்தல் என்பதே அதன் பொருள். காலைத் தேநீரோடு கூடிய சிற்றுண்டியாகையால், பழைய முறையில் நடக்கும் கடைகள் பெரும்பாலும் விடியலில் தொடங்கி மதியத்தோடு அடுப்பை அணைத்துவிடுகின்றன. கொச்சியிலும் பெங்களூரிலும் பெரிய ஹோட்டல்களில் இரவிலும் இதைப் பரிமாறுவதால்தான் நான் ஏமாந்தேன். கொல்கத்தா டிரெட்டா பஜாரின் சீனக் காலைச் சிற்றுண்டியும் இப்படித்தான். 6 மணிக்கு அங்கே இருப்பவருக்கு எல்லாம் கிடைக்கும், 9 மணிக்குப் போகிறவருக்கு வெறும் தெருதான் மிஞ்சும்.

எனவே நட்சத்திர மதிப்பெண்ணை நான் பார்ப்பதே இல்லை. கடை திறக்கும் நேரம் காலை 6 அல்லது 7, மூடும் நேரம் மதியம் 1 அல்லது 2 என்று இருந்தால், அது காலை வியாபாரத்தை நம்பி நடக்கும் கடை. அடுத்து, சாப்பிட்டவர்கள் எடுத்த படங்களில் மூங்கில் கூடைகளும் தேநீர்க் கெண்டியும் தெரிகின்றனவா என்று பாருங்கள். வார நாளில் 8 மணிக்கு முன் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் தாத்தா முதல் பேரன் வரை குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

படி 3: முதலில் தேநீர்

உட்கார்ந்தவுடன் என்ன தேநீர் என்றுதான் கேட்பார்கள். பாலும் சர்க்கரையும் கிடையாது. மல்லிகை, செவ்வந்தி, பு-ஏர் (புளிக்கவைத்த கருந்தேநீர்) ஆகியவை வழக்கமானவை. எண்ணெய்ப் பண்டங்களோடு பு-ஏர் நன்றாக இணங்கும் என்பது என் கருத்து. கெண்டியின் மூடியைச் சற்றே விலக்கி வைத்தால், வெந்நீர் வேண்டும் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள். எதிரில் இருப்பவர் உங்கள் கோப்பையை நிறைத்தால், இரண்டு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுவது நன்றி சொல்லும் முறை.

படி 4: எதை எடுப்பது

தள்ளுவண்டியில் கூடைகள் வந்தால் விரலை நீட்டினால் போதும். இப்போது பல இடங்களில் ஒரு சீட்டைத் தந்து குறியிடச் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைச் சீட்டின் மேல் பிடிக்கலாம், ஆனால் முழுவதும் நம்ப வேண்டாம்: 'ஃபீனிக்ஸ் நகம்' என்று அது காட்டியது வேறொன்றுமில்லை, கோழிக்கால்.

முதன்முறை போகிறவர் இறாலை அடைத்த ஹார் காவில் தொடங்குவது நல்லது. நம் கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறுவதைப் போலவே இதற்கும் கொதிநீரில்தான் மாவு பிசைகிறார்கள். ஆனால் அது பசையத்தை (குளூட்டன்) கழுவி நீக்கிய கோதுமை மாச்சத்து என்பதால், வெந்ததும் மேல்தோல் கண்ணாடிபோல் தெளிந்து உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரிகிறது. மூடியைத் தூக்கியதும் ஆவி கலையும் வரை பொறுத்து, குச்சியால் அடியோடு சேர்த்துத் தூக்குங்கள். தோல் கிழியாமல் வந்தால் கை தேர்ந்த சமையல். அடுத்து சியூ மாய் என்னும் வாய் திறந்த கொழுக்கட்டை, அதன் பின் சார் சியூ பாவ் என்னும் இறைச்சி அடைத்த பன். இரண்டிலும் பன்றி இறைச்சி உண்டு.

திருத்தம்: சைவர்களுக்கு

இந்தப் பதிவில் முதலில் முள்ளங்கிக் கேக் சைவம் என்று எழுதியிருந்தேன். அது தவறு என்று ஒரு வாசகி சுட்டிக்காட்டினார். அதில் பெரும்பாலும் உலர்ந்த இறாலும் சீன சாஸேஜும் சேர்க்கிறார்கள். கீரையின் மேல் ஊற்றுவதும் பல கடைகளில் சிப்பிச் சாறுதான். 'இறைச்சி' என்று மட்டும் சீட்டில் இருந்தால் பன்றி என்றே கொள்ளுங்கள். 'பன்றி இல்லை' என்ற பலகையும் ஹலால் சான்றும் ஒன்றல்ல.

சைவர்கள் பௌத்தர் நடத்தும் சைவக் கடைகளைத் தேடுவதே பாதுகாப்பு. அங்கே பெரும்பாலும் பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, பலர் சைவம் உண்பதால் அக்கடைகளில் கூட்டம் நெரியும். அன்று இன்னும் முன்னதாகப் போங்கள்.

படி 5: பில்

கூடையின் அளவையும் வகையையும் ஒட்டி விலை மாறும். தேநீருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனியாகப் போடுவார்கள். மலேசியாவில் உட்கார்ந்ததும் மேசையில் வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈரத்தாளுக்கும் பல கடைகளில் காசு உண்டு. வேண்டாம் என்றால் தொடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.