பழைய எஸ்.யு.வி.க்குப் பெரிய டிரக்கின் பிரேக்: முதல் முறை செய்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

பழைய எஸ்.யு.வி. வாங்குபவர்கள் முதலில் டயரைப் பெரிதாக்குவார்கள். அப்புறம் வண்டியை உயர்த்துவார்கள். கூரையில் கேரியர், முன்னால் இரும்பு பம்பர், பின்னால் டிரெய்லர் கொக்கி என்று ஒவ்வொன்றாக ஏறும். பிரேக் மட்டும் வண்டி புதிதாக வந்த அன்று இருந்தபடியே இருக்கும். எடை கூடியது, டயர் பெரிதானது, நிறுத்தும் வேலையைச் செய்யும் பாகம் மட்டும் மாறவில்லை. இதைச் சரிசெய்ய நல்ல வழி ஒன்று உண்டு. அதே கம்பெனி அதே காலத்தில் தயாரித்த பெரிய டிரக்கின் முன் பிரேக், சில எஸ்.யு.வி.களின் நக்கிளில், அதாவது சக்கரத்தையும் பிரேக்கையும் தாங்கும் இரும்புப் பாகத்தில், அப்படியே போல்ட் போட்டுப் பொருந்தும்.

இதற்குப் பேர்போன ஜோடி டொயோட்டாவில் இருக்கிறது. 1996 முதல் 2002 வரை வந்த மூன்றாம் தலைமுறை ஃபோர்ரன்னருக்கு, 2000 முதல் 2006 வரை வந்த முதல் தலைமுறை டன்ட்ரா டிரக்கின் காலிப்பரும் (பேடு என்ற உரசு கட்டைகளை அழுத்திப் பிடிக்கும் பாகம்), ரோட்டாரும் (சக்கரத்தோடு சுழலும் வட்டத் தட்டு) பொருந்தும். இரண்டிலும் சக்கரத்துக்கு ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். இந்த ஜோடியை வைத்தே விளக்குகிறேன். உங்கள் வண்டி வேறாக இருந்தாலும் யோசிக்க வேண்டிய முறை இதுதான்.

முதலில், இது உங்களுக்குத் தேவையா?

பெரிய பிரேக் போட்டால் வண்டி உடனே குறைந்த தூரத்தில் நிற்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். இப்போதே மிதியை அழுத்தினால் சக்கரம் பூட்டுகிறது, அல்லது பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்கிறது என்றால், ஒற்றை நிறுத்தத்தில் எல்லையை முடிவு செய்வது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிதான். அங்கே பெரிய காலிப்பரால் பெரிய மாற்றம் வராது.

பெரிய பிரேக் வாங்கித் தருவது சூட்டைத் தாங்கும் திறனை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2,200 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 850 கிலோஜூல். நிறுத்தும்போது இது முழுக்கச் சூடாக மாறுகிறது. அதில் 70 சதவீதம் முன் பக்கம் போவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முன் ரோட்டாருக்கும் சுமார் 300 கிலோஜூல். ரோட்டார் 8 கிலோ என்றால் ஒரே நிறுத்தத்தில் அதன் சூடு 80 டிகிரி ஏறும். 11 கிலோ என்றால் 60 டிகிரிக்குள் நிற்கும். ஒரு தடவை நிறுத்தினால் இந்த வித்தியாசம் தெரியாது. டிரெய்லரோடு நீண்ட மலைச்சரிவில் இறங்கும்போது, திரும்பத் திரும்ப மிதிக்கும்போது, நன்றாகவே தெரியும்.

பெரிய டயர் போட்டவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 31 அங்குல டயரை 33 ஆக்கினால், அதே விசையில் நிறுத்த ஏறக்குறைய 6.5 சதவீதம் கூடுதல் முறுக்குவிசை வேண்டும். ரோட்டாரில் பேடு அழுத்தும் இடம் மையத்திலிருந்து 120 மில்லிமீட்டரில் இருந்து 130 ஆகத் தள்ளிப்போனால் 8 சதவீதம் கிடைக்கிறது. டயரால் போனது ரோட்டாரால் திரும்பி வருகிறது.

ஆனால் ஒன்று. இப்போதைய பிரேக் கெட்டுப்போய் இருப்பதால் வண்டி நிற்கவில்லை என்றால், அதை முதலில் சரி செய்யுங்கள். காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் இறுகிப்போனது, பழைய பிரேக் ஆயில், அட்ஜஸ்ட் செய்யாத பின் டிரம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் பெரிதாக்குவது வீண் செலவு.

பாகம் வாங்கும் முன் அளக்க வேண்டியவை

வீல்தான் முதல் தடை. பெரிய காலிப்பர் வீலின் உள் பக்கத்தில் இடிக்கும். 15 அங்குல வீல் இருந்தால் டன்ட்ரா பிரேக்கை மறந்துவிடுங்கள். 16 அங்குல வீலில் சிலது பொருந்தும், சிலது ஆரக்கால் பக்கம் உரசும். டன்ட்ரா காலிப்பரிலேயே இரண்டு அளவு உண்டு. வார்ப்பிலேயே 13 டபிள்யூ.இ. என்று எழுதியிருப்பது சின்னது, 13 டபிள்யூ.எல். என்று எழுதியிருப்பது பெரியது. வண்டி ஆர்வலர்கள் இவற்றை 199 என்றும் 231 என்றும் சொல்வார்கள். காலிப்பர், ரோட்டார், பேடு மூன்றையும் ஒரே அளவுக்கான செட்டாகவே வாங்குங்கள். கலந்து வாங்கினால் பேடு ரோட்டாரில் முழுதாக உட்காராது.

அடுத்து மாஸ்டர் சிலிண்டர், அதாவது மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம். புதியவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரிய காலிப்பரில் பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடுதல். அதைத் தள்ள கூடுதல் ஆயில் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால், மிதி கொஞ்சம் ஆழமாகப் போய்த்தான் பிடிக்கும். ஆனால் அதே கால் விசைக்குப் பிடி கூடும். இதைப் பிடிக்காதவர்கள் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போடுவார்கள். உள்விட்டம் 15/16 அங்குலத்தில் இருந்து 1 அங்குலமானால், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மிதி 14 சதவீதம் கூடுதல் ஆயில் தள்ளும். மிதி உயரத்தில் நிற்கும். பதிலுக்கு, அதே கால் விசைக்குக் கிடைக்கும் அழுத்தம் 12 சதவீதம் குறையும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. முதலில் பழைய மாஸ்டரோடு ஓட்டிப் பாருங்கள் என்பதே என் கருத்து. மிதி உறுதியாக, நம்பிக்கை தரும் உயரத்தில் நின்றால் அதைத் தொடவே வேண்டாம்.

காலிப்பரைப் பழைய டிரக்கில் இருந்து கழற்றி வாங்குவதென்றால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருக்கிறதா, பிஸ்டன் மேல் துருக்குழி இருக்கிறதா, ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் (ஏர் எடுக்கும்) நிப்பிள் திறக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் சீல் மாற்றிப் புதுப்பித்த காலிப்பரே நல்லது. பிரேக் ஹோஸ் பத்து வருடத்துக்கு மேல் பழையதென்றால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். எல்லாம் கழன்று கிடக்கும்போது அது பத்து நிமிட வேலை.

கழற்றுவது

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு, ஜாக்கில் தூக்கி, சேஸிஸின் கீழ் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கை நீட்டாதீர்கள்.

பைப் நட்டைக் கழற்ற, அதைச் சுற்றிப் பிடிக்கும் வாய் வெட்டிய பைப் ஸ்பானர் கட்டாயம் வேண்டும். சாதா ஸ்பானர் போட்டால் பழைய நட்டின் முனை உருண்டுவிடும், அப்புறம் முழுப் பைப்பையும் மாற்ற வேண்டியதுதான். முந்தைய நாளே துருநீக்கியைத் தெளித்து வைத்தால் வேலை சுலபமாகும். பைப்பைக் கழற்றியதும் முனையில் ரப்பர் மூடி போடுங்கள். ஆயில் முழுதும் வடிந்து மாஸ்டர் சிலிண்டர் காலியானால் ஏர் எடுக்கும் வேலை இரண்டு மடங்காகும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும், பட்ட இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

காலிப்பரை நக்கிளோடு பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டைக் கழற்றினால் காலிப்பர் வந்துவிடும். ரோட்டார் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) துருப்பிடித்து ஒட்டியிருந்தால், பெரும்பாலான ரோட்டார்களில் இதற்கென்றே இருக்கும் மரை போட்ட துளைகளில் போல்ட்டை மாறி மாறி முறுக்குங்கள், அது தானாகவே வெளியே தள்ளும்.

பொருத்துவது

ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். இது பார்ப்பதற்காகச் செய்யும் வேலை இல்லை. அங்கே ஒட்டியிருக்கும் துரு ரோட்டாரைச் சாய்த்துவிடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் மிதி அதிரத் தொடங்கும்.

புது ரோட்டாரை ஹப்பில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பின்னால் இருக்கும் தகரத் தூசித்தடுப்பில் உரசும், டன்ட்ரா மாற்றத்தில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். விளிம்பை இடுக்கியால் பின்னால் வளையுங்கள், போதவில்லை என்றால் கொஞ்சம் வெட்டுங்கள். தகரத்தை முழுவதும் பிடுங்கி எறிய வேண்டாம். கல்லும் சேறும் ரோட்டாரின் உள் முகத்தில் படாமல் தடுப்பது அதுதான். புது ரோட்டாரில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும், பிரேக் கிளீனர் தெளித்துச் சுத்தமான துணியால் இரண்டு முகத்தையும் துடைத்துவிடுங்கள்.

இப்போது காலிப்பர். இடது எது, வலது எது என்பதை ஒரே அடையாளத்தில் கண்டுபிடிக்கலாம். ஏர் எடுக்கும் நிப்பிள் மேல் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டாலும் போல்ட் நுழையும், வண்டி முழுவதும் பொருத்தியது போலவே தெரியும். ஆனால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலே தங்கிவிடும், எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் மிதி பஞ்சு போலவே இருக்கும்.

காலிப்பர் போல்ட்டுகளை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்குங்கள். கைக்கணக்கு இங்கே ஆகாது. பேடுகளையும் அவற்றைப் பிடிக்கும் ஊசிகளையும் போட்டபின், பைப்பைக் கையால் முதல் சில சுற்று நுழைத்து, அதன்பின் ஸ்பானரால் இறுக்குங்கள். டன்ட்ரா காலிப்பரில் பைப் நுழையும் இடம் சிறிது மாறும் என்பதால் இரும்புப் பைப்பை மெதுவாக வளைக்க வேண்டியிருக்கலாம். மடிப்பு விழாமல், பெரிய வளைவாக வளையுங்கள். பிறகு ஸ்டியரிங்கை இடது கடைசி, வலது கடைசி என்று திருப்பி, ஹோஸ் இழுபடுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள்.

ஏர் எடுப்பது

உங்கள் வண்டிக்கு எழுதியிருக்கும் வகை ஆயிலை, சீல் உடைக்காத புது டப்பாவில் இருந்து ஊற்றுங்கள். டாட் 3 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 205 டிகிரி. ஈரம் உறிஞ்சியபின் அது 140 டிகிரிக்கு இறங்கலாம். டாட் 4 என்றால் 230, 155. இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 சிலிக்கான் ஆயில், அதை இவற்றோடு சேர்க்கவே கூடாது.

ஒருவர் மிதியில் இருக்க, இன்னொருவர் நிப்பிளில் இருப்பது பழைய முறை, அது இன்றும் நல்ல முறை. மிதியை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, நிப்பிளைத் திற, ஆயிலும் குமிழியும் வரட்டும், மூடு, அப்புறம்தான் மிதியை விடச் சொல். வரிசை மாறினால் காற்று உள்ளே இழுக்கும். மாஸ்டர் சிலிண்டர் மேல் உள்ள ஆயில் தொட்டியான ரிசர்வாயரை அடிக்கடி நிரப்பிக்கொண்டே இருங்கள். முன் இரண்டும் முடிந்ததும், பழைய ஆயில் வெளியேறட்டும் என்று நான்கு சக்கரத்திலும் எடுத்துவிடுவதே என் பரிந்துரை.

2001, 2002 ஃபோர்ரன்னர் வைத்திருப்பவர்கள் இங்கே நின்று கவனியுங்கள். இந்த மாடல்களில் வண்டி சறுக்காமல் கட்டுப்படுத்தும் வி.எஸ்.சி. வந்தது, மிதிக்கு உதவும் பூஸ்டர் மின்சார பம்பில் ஓடுகிறது. ஏர் எடுக்கும் முறை வேறு, சாவியை ஆன் செய்து மேனுவல் சொல்லும் வரிசையில்தான் செய்ய வேண்டும்.

பின் பக்கத்தை மறக்காதீர்கள்

முன்னால் பிடி கூடியதால், பிரேக்கின் பங்கு முன்னோக்கிச் சாய்கிறது. பின் டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் ஷூ தேய்ந்து தளர்ந்திருந்தால் மிதி ஆழமாகப் போகும், பழியோ புது காலிப்பர் மேல் விழும். எனவே பின் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்துவிட்டு மிதியைத் தீர்ப்பிடுங்கள். பல வண்டிகளில் பின் ஆக்ஸிலின் அருகே சுமைக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்று இருக்கும். வண்டியை உயர்த்தியிருந்தால், அதன் கம்பி கீழே இழுபட்டு, பின்னால் சுமையே இல்லை என்று வால்வு முடிவு செய்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உயர்த்திய அளவுக்கு அந்தக் கம்பியின் தாங்கியையும் நகர்த்த வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதும் பதப்படுத்துவதும்

நகர்வதற்கு முன், இன்ஜின் ஓடும்போது மிதி உறுதியாகும்வரை பலமுறை அழுத்துங்கள். புது பேடு ரோட்டாரைத் தொடும்வரை முதல் சில அழுத்தத்தில் பிரேக்கே இருக்காது. ஆட்கள் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். கசிவு இருக்கிறதா என்று இணைப்புகளைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாலைக்குப் போக வேண்டும்.

புது பேடை ரோட்டாரோடு பதப்படுத்த, பேடு கம்பெனி தரும் முறை இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையென்றால் மணிக்கு 60 கிலோமீட்டரில் இருந்து 10 வரை, நிதானமாக ஒரு பத்து முறை வேகம் குறையுங்கள், நடுவில் சிறிது ஓடி ஆறட்டும். முழுவதும் நிறுத்தி, சூடான பேடை ரோட்டார் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டாம். அங்கே படியும் பேடு பொருள் அப்புறம் அதிர்வாக வரும். முதல் 100 கிலோமீட்டரில் வீல் நட்டுகளையும் ஆயில் அளவையும் மறுபடி பாருங்கள்.

இனி பேடும் ரோட்டாரும் வாங்கும்போது உங்கள் எஸ்.யு.வி.யின் பெயரைச் சொன்னால் தவறான பாகம்தான் வரும். டிரக்கின் மாடல், ஆண்டு, காலிப்பரின் வார்ப்பு எழுத்து ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள், வண்டியை வேறு மெக்கானிக் தொட்டாலும் உதவும். அப்படியே ஸ்டெப்னியையும் இறக்கி முன் சக்கரத்தில் ஒருமுறை மாட்டி, சுழற்றிப் பாருங்கள். நான்கு வீலும் 16 ஆக இருந்து ஸ்டெப்னி மட்டும் பழைய 15 ஆகத் தொங்கும் வண்டிகள் உண்டு. அது முன்னால் மாட்டாது, பஞ்சர் ஆனால் பின் சக்கரத்தை முன்னால் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால்தான் போட வேண்டியிருக்கும்.